மேத்தன் மணி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பத்மநாப சுவாமி கோயிலை நோக்கி நடப்பவர்கள் கோபுரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி நிற்கும் கருவேலப்புர மாளிகையின் உச்சியில் இன்னொன்றும் கண்ணில் படும். ஒரு கடிகாரம், அதற்கு மேலே தாடி வைத்த ஒரு முகம், முகத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆட்டுக்கடா. மணி அடிக்கும்போது அந்த முகம் வாயைப் பிளக்கும். கடாக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் பாய்ந்து கன்னத்தில் முட்டும். பத்து மணி என்றால் பத்து முட்டு. இதற்கு ஊர் வைத்த பெயர் மேத்தன் மணி.

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குச் சாவி கொடுக்கிற பொம்மைகளின் மேல் பைத்தியம் பிடித்தது. திருவிழாக் கடையில் வாங்கிய தகரப் படகு ஒன்று வீட்டில் இருக்கிறது. உள்ளே எண்ணெய்த்திரியை ஏற்றி வைத்தால் டப் டப் என்று சத்தம் போட்டுக்கொண்டு தொட்டித் தண்ணீரில் சுற்றி வரும். ஒரு சின்னக் கொதிகலம், பின்னால் இரண்டு குழாய், அவ்வளவுதான். சக்கரமும் இல்லை, உந்துதண்டும் இல்லை. குழாய்த் தண்ணீரை ஆவி வெளியே தள்ளும், ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும், மறுபடி தள்ளும். 1891இல் தாமஸ் பியோட் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய உத்தி இது. ஓய்வூதியக்காரர்களுக்கு இப்படிப்பட்ட பித்து புதிதல்ல. வனத்துறை சார்ந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் கோட்டயம் மாவட்டம் பிளாசனாலில் கிராமபோன்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். மேலை நாடுகளில் இதே வயதுக்காரர்கள் நீராவி இன்ஜின் பொம்மைகளையும், தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போய்க் கைப்பிடியைச் சுற்றினால் பாட்டுப் பாடும் ஆர்கன் பெட்டிகளையும் சேர்க்கிறார்கள். என் அலமாரியில் ஆர்கன் கிடையாது. ஆனால் விலை கொடுத்து வாங்க முடியாத ஒரு பொறி, மேத்தன் மணி, பஸ் ஏறினால் பார்த்துவிடுகிற தூரத்தில் இருக்கிறது. அதன் இயக்கத்தைவிட அதன் பெயர்தான் என்னை அதிகமாக இழுத்துப் பிடித்தது.

சுலபமான பாதியை முதலில் முடித்துவிடலாம். தமிழில் மணி என்றால் ரத்தினம், பாசி, தானியம், கண்ணின் மணி, யானை கழுத்தில் தொங்குவது, கோயிலில் அடிப்பது எல்லாம்தான். அடிக்கிற மணியிலிருந்து அறுபது நிமிடக் கணக்கு வந்தது. 'மணி என்ன?' என்று கேட்கும்போது எந்த மணி அடித்தது என்றுதான் கேட்கிறோம். 'மணியடிச்சா சோறு' என்று சிறைவாசத்தைக் கேலி செய்யும்போது இரண்டு பொருளும் ஒரே வாய்க்குள் இருக்கின்றன. இதற்கு முன்னால் நம்மிடம் இருந்த அளவு நாழிகை. ஒரு பகலிரவுக்கு அறுபது. ஒன்றுக்கு 24 நிமிடம். முல்லைப்பாட்டில் நீர் வட்டிலைப் பார்த்து நாழிகை சொல்லும் கணக்கர்கள் வருகிறார்கள். கடிகாரம் என்ற சொல்லும் பானையில் பிறந்ததே: கடம், கடிகை, கடிகாரம். பானை போய்ப் பல்சக்கரம் வந்த பிறகும் பெயர் பானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மலையாளத்தில் கடிகாரத்துக்கு நாழிகமணி என்றும் பெயர் உண்டு. பழைய அளவும் புதிய ஓசையும் ஒட்டிய அழகான கூட்டுச்சொல்; தமிழுக்கு அது வாய்க்கவில்லை. கடிகாரத்தைச் சுற்றவைக்கும் சாவியோ போர்த்துகீசியரின் 'சாவே'. யாரையாவது தூண்டிவிட்டால் 'சாவி கொடுத்துவிட்டான்' என்கிறோமே, அந்த வசவுக்கும் கடிகாரமே மூலம்.

நாகர்கோவிலில் 1893இல் ஸ்ரீமூலம் திருநாள் திறந்து வைத்த மணிக்கூண்டை ஊர்க்காரர்கள் மணிமேடை என்பார்கள். அதன் கடிகாரம் பாதிரியார் டதியின் கொடை. பெயரில் டதியும் இல்லை, மன்னரும் இல்லை. மணியும் மேடையும் மட்டுமே. கிழக்கேகோட்டையில் அப்படி நடக்கவில்லை. இங்கே மணிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

அந்த ஆள் யார் என்பதற்கு முன், மணியை அங்கே வைத்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். காலம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் காலம் என்பது வழக்கு. அவர் 1846இல் மறைந்தார். சங்கீதத்தோடு மேலை நாட்டு விஞ்ஞானத்திலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. 1837இல் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு முதல் இயக்குநராக வந்த ஜான் கால்டிகாட் அதற்கு முன்பு ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்தவர். பிறகு லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1849இல் காலமானார். கடிகார யோசனை அவருடையது, செய்தவர் வஞ்சியூர்க் கைவினைஞர் குளத்தூக்காரன் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். வானத்தைப் பார்க்கிற ஆளுக்குச் சரியான நேரம் தேவை; நேரத்தை நாலு பேருக்குக் கேட்கச் செய்ய ஊர் நடுவில் ஒரு மணி தேவை. கால்டிகாட்டை இந்தக் கதையில் வைப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மணி வைத்திருக்கும் மாளிகையின் பெயரும் தமிழரை ஏமாற்றும். கருவேலப்புர என்றதும் நம் மனம் கருவேல முள்ளுக்குப் போய்விடும். மரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கருவேலம் என்றால் அரசனின் செல்வம் வைக்கும் இடம். தமிழக அரசு அலுவலகப் பலகைகளில் 'கருவூலம்' என்று எழுதியிருக்கிறதே, அதன் தெற்கத்தி உருவம். புர என்பது வீடு. நாஞ்சில் நாட்டிலும் புரை என்றால் கட்டடம் என்று புரியும். ஆக அது கருவூல வீடு. கிழக்கேகோட்டை என்ற பெயரில் நாம் 'கிழக்குக் கோட்டை' என்று வல்லினம் போட்டுச் சொல்வதை மலையாளம் ஓர் ஏகாரத்தால் இணைத்துக்கொள்கிறது. இந்த வட்டாரத்தில் தமிழ்க் காதும் மலையாள வாயும் இப்படித்தான் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருக்கும்.

இனி மேத்தன். தென் திருவிதாங்கூரில் முஸ்லிம்களைக் குறித்த சொல் இது. மதுரைக்கு வடக்கே உள்ள தமிழர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். முஸ்லிம்களுக்கு நம் கடற்கரையும் சந்தையும் கொடுத்த பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தொழிலையோ திசையையோ காட்டும். யவனர், யோனகர் என்பது சோனகராயிற்று. மேற்கிலிருந்து கடல் வழி வந்தவர் என்ற நினைவு அதில் இருக்கிறது. துருக்கர் துலுக்கரானார். ராவுத்தர் குதிரைவீரர். மாப்பிள்ளை என்பது கேரளத்தில் ஒருகாலத்தில் மதம் பார்க்காத சொல்: நஸ்ராணி மாப்பிள்ளை, யூத மாப்பிள்ளை, ஜோனக மாப்பிள்ளை என்று மூன்று பேரும் மாப்பிள்ளைகள்தான். மேத்தனிடம் மட்டும் இப்படி வெளிப்படையான அடையாளம் இல்லை. திசையும் தெரியாது, தொழிலும் தெரியாது.

ஒரு துப்பு இருக்கிறது. கொல்லம், ஆலப்புழை, எர்ணாகுளம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் பெயருக்குப் பின்னால் மேத்தர் என்று வரும். வணிகக் குடும்பங்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள். அர் விகுதி போட்டால் பட்டம். அன் விகுதி போட்டால் வசவு. நம் மொழிகளில் இது சகஜம். செட்டியார் என்றால் நாற்காலி போடுவோம், செட்டியான் என்றால் குரல் மாறிவிடும். மேத்தரும் மேத்தனும் ஒரே வேர் என்றால் மூலம் மரியாதையான சொல்லாக இருந்திருக்க வேண்டும்.

பாரசீகத்தில் மிஹ்தர் என்றொரு சொல் உண்டு. பெரியவர், தலைவர் என்று பொருள். இந்தச் சொல் போன இடமெல்லாம் வேறு வேறு விதி அடைந்தது. இந்துகுஷ் மலையில் சித்ரால் நாட்டு அரசருக்கு மெஹ்தர் என்பதே அரசப் பட்டம். வட இந்தியச் சமவெளியிலோ அதே மெஹ்தர் துப்புரவுத் தொழிலாளியைக் குறித்தது. மேலே இருந்தவர்கள் கேலியாக 'இளவரசே' என்று அழைத்து அழைத்தே அது சாதிப் பெயராகக் கீழிறங்கியது என்பார்கள். கேரளக் கரைக்கு வந்த மேத்தரும் இதே சொல் என்ற பக்கம்தான் நான் சாய்கிறேன். ஒலி பொருந்துகிறது, பட்டமாக வழங்குவது பொருந்துகிறது, பிறகு தெரு அதை அன் போட்டு இறக்கியதும் மற்ற இரண்டு இடங்களில் நடந்ததோடு ஒத்துப்போகிறது. வடக்கே அரண்மனையிலும் குப்பைமேட்டிலும் பிரிந்து நின்ற சொல், தெற்கே ஒரே ஊரில் பட்டமாகவும் ஏச்சாகவும் இருக்கிறது.

சரி, கடிகாரத்து முகம் எப்படி மேத்தன் ஆயிற்று? தாடிதான் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கோயில் வாசலில், அரண்மனைச் சுற்றில், அன்றைக்கு நடமாடிய ஆண்களுடைய முகங்கள் மழித்தவை. தாடி வைத்த முகம் ஒன்று மேலே தோன்றியதும் தெருவுக்கு நினைவு வந்தது மணக்காட்டிலும் சாலைக் கம்போளத்திலும் அன்றாடம் பார்க்கிற முஸ்லிம் வியாபாரிகளின் முகம்.

இந்த வட்டாரத்தில் தெரு இப்படித்தான் பெயர் வைக்கும் என்பதற்குச் சாட்சி அங்கேயே நிற்கிறது. சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனைக்கு முறையான பெயர் புத்தன் மாளிகை. (புத்தன் என்றால் புதியது, போதி மரத்துப் புத்தர் இல்லை. தமிழ்ச் சுற்றுலாப் பயணிகள் சிலர் உள்ளே புத்தர் சிலையைத் தேடியதைக் கேட்டிருக்கிறேன்.) கூரையைத் தாங்கும் மரவேலையில் 122 குதிரைகள் செதுக்கியிருக்கிறார்கள். அதனால் அது குதிரைமாளிகை ஆயிற்று. யார் கட்டினார், எதற்குக் கட்டினார் என்பதை ஊர் மறந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். குதிரை இருந்தால் குதிரைமாளிகை. தாடி இருந்தால் மேத்தன் மணி.

கடல் கடந்தும் இதே கதை உண்டு. வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு சதுக்கத்தில் 1499இல் ஒரு மணிக்கோபுரம் கட்டி முடித்தார்கள். உச்சியில் இரண்டு வெண்கல ஆட்கள், ஒருவர் கிழவர், ஒருவர் இளைஞர், சுத்தியலால் மணியை அடிப்பார்கள். வார்த்தவர்கள் மனதில் முஸ்லிம் யாரும் இல்லை. காற்றும் ஈரமும் பட்டு வெண்கலம் கறுத்துப்போகவே ஊர் அவர்களுக்கு 'மோரி' என்று பெயர் போட்டது; வட ஆப்பிரிக்க முஸ்லிம்களைக் குறிக்கும் சொல். அங்கே நிறம், இங்கே தாடி. ஆட்டுக்கடாவுக்கும் ஒரு தொலைதூரச் சொந்தம் உண்டு. போலந்தின் பொஸ்னான் நகர மன்றக் கட்டடத்தில் 1551இல் வைத்த கடிகாரத்தில் நண்பகல் அடித்ததும் இரண்டு ஆடுகள் வெளியே வந்து பன்னிரண்டு தடவை தலையோடு தலை முட்டும். அவை ஒன்றையொன்று முட்டுகின்றன. நம்முடையவை நடுவில் இருக்கிறவனை முட்டுகின்றன.

அந்த நடு ஆள்தான் சங்கடம். கன்னத்தில் முட்டு வாங்கும் முகத்துக்கு ஒரு சமூகத்தின் பெயர் என்றால் அது வேண்டுமென்றே செய்த பரிகாசமா? அந்தக் காலத்துப் பொறிகளில் பரிகாசம் உண்டு என்பது உண்மைதான். கெம்பெலன் என்பவர் 1770இல் ஆஸ்திரிய அரசவையில் காட்டிய சதுரங்கம் ஆடும் பொம்மைக்குத் தலைப்பாகை கட்டியிருந்தார்; அதன் பெயரே 'துருக்கன்'. மறுபக்கத்தில் திப்பு சுல்தானின் புலி. மரப்புலி ஒன்று வெள்ளைக்காரச் சிப்பாயின் மேல் படுத்திருக்கும். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே துருத்தி ஊதும், புலி உறுமும், சிப்பாய் ஓலமிட்டுக் கையைத் தூக்குவான். வயிற்றுக்குள் ஒரு சின்ன ஆர்கன் வேறு. தெருவில் தள்ளிப்போகும் ஆர்கன் பெட்டிக்கு நெருங்கிய உறவு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போய் வைத்தார்கள். இன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிரியை யார் என்று காட்டிவிட்டுச் செய்த பொறி அது. உடுப்பிலேயே விலாசம் இருக்கிறது.

மேத்தன் மணியில் அந்த விலாசம் இல்லை. தாடிக்கு மேல் சமயக் குறி எதுவும் எனக்குத் தெரியவில்லை. மாதிரிக்கு யாரை வைத்துச் செய்தாலும் இப்படித்தான் வந்திருக்கும்: ஒரு மேல்நாட்டுக் கப்பல்காரர், ஒரு சாமியார், கடல் வணிகர், யாரும். கேலி செய்ய வேண்டும் என்று குளத்தூக்காரன் நினைத்திருந்தால் ஒரு தொப்பியோ தலைப்பாகையோ வைக்க அவருக்கு அரை நாள் போதும். எனவே பரிகாசம் பொறியில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது. அதையும் செய்தவர் வைக்கவில்லை, கீழே நின்று பார்த்தவர்கள் வைத்தார்கள் என்பது என் தீர்மானம்.

ஒருநாள் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எதிரே நின்றுகொண்டிருந்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நான் மேலேயே பார்ப்பதைக் கவனித்துவிட்டார். அகஸ்தீஸ்வரம் பக்கத்துத் தமிழ்.

"என்ன அண்ணாச்சி, மேத்தன் வாயத் தொறக்கதப் பாக்கவா?"

"ஆமா. அந்தப் பேரு யாரு வச்சதுன்னு தெரியுமாம்மா?"

"பேரா? எங்க பாட்டி சொல்லுவா, நாங்க சொல்லுதோம். இப்ப பிள்ளைய கிட்ட அப்பிடிச் சொல்லப்பிடாதுன்னு எம் மக சொல்லுதா. அவ கூட்டுக்காரி ஒருத்தி நம்ம மணக்காட்டுக்காரி. அவ முன்ன வச்சிச் சொன்னா சங்கடம்லா?"

அப்போது மேலே மணி அடிக்கத் தொடங்கியது. தாடை பட்டென்று கீழே விழுந்து மெதுவாக மூடியது. கடாக்கள் முட்டிவிட்டுப் பின்வாங்கின. ஒவ்வொரு முட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரே இடைவெளி. மணி அடிக்கும் பெரிய கடிகாரங்களில் இதற்கென்றே ஒரு சிறகு இருக்கும். எடை கீழே இறங்கும் வேகம் கூடாமல் அது காற்றைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலைத் தூக்குகிற நெம்புகோலிலிருந்து ஒரு கம்பியை மேலே இழுத்துக் கட்டிவிட்டால் வாயையும் ஆட்டலாம், ஆட்டையும் ஆட்டலாம். தனி இயந்திரம் வேண்டாம். ஒரு மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 156 முட்டு. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முட்டு வாங்கிய முகம். இடையில் பழுதாகி நின்ற காலத்தைக் கழித்துக்கொண்டாலும் கணக்குப் போடத் தலை சுற்றும்.

பூக்கட்டும் அம்மாளின் மகள் சொன்னதுதான் சரி. ஆளைப் பார்த்து மேத்தன் என்று அழைக்கிற வழக்கம் ஒழிய வேண்டும், பெரும்பாலும் ஒழிந்தும்விட்டது. ஆனால் கடிகாரத்தின் பெயரை மாற்றி 'பாரம்பரிய மணி' என்றோ 'சுவாதித் திருநாள் மணி' என்றோ பலகை மாட்டினால் எனக்குச் சம்மதமில்லை. என் ஊகம் சரியென்றால், சித்ரால் அரசனிடம் கிரீடமாக இருந்த சொல் கடைசியில் கன்னத்தில் முட்டு வாங்குகிறவனுக்குப் பெயரானது என்ற வரலாறு அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. பெயரை அழித்தால் இழிவு போகாது, அதன் தடம்தான் போகும். பலகையில் பெயரை எழுதி, அதற்குக் கீழே அந்தச் சொல்லின் கதையையும் நாலு வரி எழுதலாம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கதையில் முழுப்பெயரோடு இருக்கிறவர் கால்டிகாட் மட்டுமே. மேலே இருக்கும் முகம் மேத்தன் என்ற பொதுப்பெயர். செய்தவரும் குளத்தூக்காரன், அதாவது குளத்தூரில் இருந்து வந்த ஆள். நம்மூரில் தச்சர், கொல்லர், கன்னார் எல்லாருக்கும் நடந்தது இதுதான்: வேலை நிற்கும், ஆளின் பெயர் நிற்காது, ஊர்ப் பெயரை முதுகில் ஒட்டி அனுப்பிவிடுவோம். வஞ்சியூரிலோ குளத்தூரிலோ உள்ள பழைய குடும்பங்களில் அவரை 'எங்கள் காரணவர்' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கக்கூடும். அப்படி இருந்தால், அவருடைய இயற்பெயரை ஒரு காகிதத்தில் எழுதி மாளிகையில் கொண்டுபோய்க் கொடுங்கள். பலகை எழுதும் நாளில் அந்தப் பெயரும் அதில் ஏற வேண்டும்.